எங்கப்பனுக்கு நான் இனிஷியல் ஆன கதை

1

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மோகனூர் போகிற ரோட்டில் ஓலைக் கொட்டகையில் தொடங்கி நான்கு வரிசை கோழி ஷெட் கட்டினேன். எஞ்சினியர் கிடையாது, பிளான் கிடையாது. வெயில் எந்தப் பக்கம் சாய்கிறது, ஆற்றுக் காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்று வெறுந்தரையில் நின்று பார்த்து, சுண்ணாம்புப் பொடியில் நானே கோடு போட்டேன். அந்தக் கோடு இன்றைக்கும் கோணவில்லை. என்னிடம் ஷெட்டை வாங்கினவர்களைக் கேட்டுப் பாருங்கள். அக்காவுக்கு மெத்தை வீடு கட்டிக் கொடுத்தேன். என் மகன் குமரேசனைக் கடல் தாண்டிப் படிக்க வைத்தேன். பறவைக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டதும் முட்டையைத் தொட ஆளில்லாமல் போன காலத்தில், எங்கள் ரோட்டில் எல்லா ஷெட்டும் இருண்டு கிடந்தபோது என் ஷெட்டில் மட்டும் விளக்கெரிந்தது. பிறகு மகன் கூப்பிட்டான் என்று ஆஸ்திரேலியா வந்தேன். இங்கேயும் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கவில்லை. ஒரு முட்டைப் பண்ணையில் எரு அள்ளப் போய், கொஞ்ச காலத்தில் ஒரு ஷெட்டுக்கே பொறுப்பாளி ஆனேன். அதுவும் இங்கிலீஷ் தெரியாமல்.

இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. ஆகவே ஊர்க்காரர்களுக்காக எழுதுகிற இந்தக் குறிப்பில் எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் குழு எங்கள் பண்ணைக் கோழிகளை வைத்துப் பல வருசமாக ஒரு வேலை செய்கிறது. முட்டைக் கோழிக்கு வயதானால் சினைப்பையில் கட்டி வரும். பெண்களுக்கும் அதே இடத்தில் வரும். அது ஏன் வருகிறது, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது, தீனியால் தடுக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. போன மாதம் அதைப் பற்றி ஒரு அறிக்கையைப் புத்தகமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். வழவழப்புத் தாள், உள்ளே கலர் படம். கடைசிப் பக்கத்தில் நன்றி. அந்தப் பக்கத்தில், ஸ்கேன் மெஷின் வாடகைக்கு விட்டவருக்கும் காப்பி மெஷின் பழுது பார்த்தவருக்கும் கீழே, ஒரே ஒரு வரி: பண்ணையில் உதவிய மிஸ்டர் சி. நாச்சிமுத்து.

என் பேர் செல்லப்பன். நாச்சிமுத்து எங்கப்பன்.

அந்த ஆள் செத்துப் பல வருசம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஜேடர்பாளையம் அணைக்கு அந்தப் பக்கம்கூடப் போனதில்லை. கோழிக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், எங்கம்மா வளர்த்த நாட்டுக் கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் விற்றுக் குடித்ததுதான். நான் கோழிப் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்த அன்றைக்கு, "நீ கோழிப் பீ அள்ளத்தான்டா லாயக்கு" என்று ஆசீர்வாதம் பண்ணினார். அள்ளினேன். ரெண்டு நாட்டில் அள்ளினேன். அள்ளினதற்கு நன்றி அவருக்குப் போயிருக்கிறது.

2

சி. நாச்சிமுத்து என்றால் என்ன என்று ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னால் நிற்கிற எழுத்து அப்பன், பின்னால் நிற்கிற பேர் மகன். அந்த 'சி' யார்? செல்லப்பன் என்பதன் இங்கிலீஷ் எழுத்து. ஆகவே நான் அப்பன், நாச்சிமுத்து நான் பெற்ற பிள்ளை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற எனக்கு என்ன தலையெழுத்து?

இதெல்லாம் பாஸ்போர்ட்டில் தொடங்கியது. குடும்பப் பேர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பன் பேரின் முதல் எழுத்துத்தான் என்றேன். கட்டம் காலியாக இருக்கக்கூடாது, அப்பா பேரை முழுசாகப் போடு என்று சொல்லி அவர்களே போட்டார்கள். அப்படிப் போட்டது இந்த ஊருக்கு வந்ததும் என் தலை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வந்த புதிதில் ஒரு கிளினிக்கில், மிஸ்டர் நாச்சிமுத்து, மிஸ்டர் நாச்சிமுத்து என்று ஒரு நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். செத்தவரைத் தேடுகிறாளே, பாவம் என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதைவிடப் பெரிய கூத்து என் மகன் செய்தது. அவன் பேருக்குப் பின்னால் முறைப்படி என் பேர்தான் இருந்தது. குமரேசன் செல்லப்பன். எங்களை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவன் விண்ணப்பம் போட்டபோது, நீ செல்லப்பன் குடும்பம், உன் அப்பா நாச்சிமுத்து குடும்பம், இவர் உன் அப்பா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பி அனுப்பினார்கள். சலித்துப்போய் அவன் சட்டப்படி தன் பேரை குமரேசன் நாச்சிமுத்து என்று மாற்றிக்கொண்டான். அவன் பிள்ளைகளுக்கும் அதுவே. இப்போது இந்த நாட்டுக் காகிதப்படி நானும் என் மகனும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள். செல்லப்பன் என்ற பேர் என்னோடு சரி. நான் போனால் அதுவும் போகும்.

அறிக்கையைக் கொண்டுபோய் அவன் முன்னால் போட்டேன். அவன் மொபைலில் இருந்து தலையைப் பாதி தூக்கினான்.

"அது நம்ம ஃபேமிலி நேம்ப்பா. என் பேர்ல இருக்கு, பசங்க பேர்ல இருக்கு. யாரும் தாத்தான்னு நெனைக்க மாட்டாங்க."

"நான் நெனைக்கிறனே."

"ரிலாக்ஸ்ப்பா," என்றான். இந்த வார்த்தைக்குத் தமிழ் என்ன என்று தெரிந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

என் சம்சாரம் சரசு அடுப்படியில் இருந்தபடியே கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கோழிவளுக்காவது உங்க பேரு தெரியுமுங்களா?" அவளுக்கு எல்லாம் விளையாட்டு. ஆனால் பேரப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்களை 'நாச்சி' என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டபோது அவளும் சிரிக்கவில்லை. அந்தப் பேரை அவள் மாமனாராகப் பார்த்தவள்.

3

உதவிய என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்களே, அந்த உதவி என்ன என்று சொல்கிறேன்.

கோழியின் பின்பக்கத்தில் ரெண்டு எலும்பு உண்டு. முட்டை அதன் நடுவில்தான் வர வேண்டும். விரலை வைத்தால் எலும்பு விரிந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். விரிந்திருந்தால் முட்டைக்காரி. ஒட்டியிருந்தால் தீவனத்துக்குப் பிறந்தவள், கழித்துவிடலாம். இது நாமக்கல் பக்கம் பண்ணையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், இதை நான் பெருமையாகச் சொல்ல வரவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது அடுத்தது. விரல் வைக்கும்போது உள்ளங்கை அடிவயிற்றில் படும். அங்கே முட்டை இருந்தால் ஒரு கனம். கொழுப்பு இருந்தால் ஒரு கனம். நீர் கோத்திருந்தால் வேறு கனம், கையை எடுத்த பிறகும் அது உள்ளே அசைந்துகொண்டிருக்கும். அந்த மாதிரிக் கோழி நடப்பதே தனி. காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, மேடை ஏறுகிற கவுன்சிலர் மாதிரி நடக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அதற்குச் சாகும் காலம்.

என் பண்ணையில் செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல் புதைக்கக்கூடாது. அது என் சட்டம். ஏன் செத்தது என்று தெரியாமல் புதைத்தால் அடுத்ததும் சாகும். அப்படி ஒரு நாள், கவுன்சிலர் நடை நடந்த ஒரு கிழட்டுக் கோழியை அறுத்தேன். மஞ்சளாக நீர் கொட்டியது. கருமுட்டைக் கொத்து இருக்க வேண்டிய இடத்தில், மொச்சைக் கொட்டையை ஒட்டி வைத்த மாதிரிக் கட்டி கட்டியாக, குடல் முழுக்கப் பரவிக் கிடந்தது. தீவனக் கம்பெனிக்காக வருகிற கால்நடை டாக்டர் அப்போது ஷெட்டில் இருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, சினைப்பையில் வந்த புற்று, மனுசப் பெண்களுக்கும் இதே மாதிரிதான் வரும், வயிறு உப்பும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த இடத்திலேயே நின்றேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அன்றிலிருந்து அந்த நடை நடக்கிற கோழி எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை.

4

இங்கே ஆராய்ச்சிக் குழு பண்ணைக்கு வந்தபோது, முட்டை குறைந்த கிழட்டுக் கோழிகள் வேண்டும் என்றார்கள். பண்ணை முதலாளிக்கு விருப்பமில்லை. முட்டை போடாத கோழிக்குத் தீவனம் போட எந்த முதலாளிக்குத்தான் விருப்பம்? ஒரு ஷெட்டை அதற்கு ஒதுக்கச் சொல்லி, இடது பக்கக் கடைசி ஷெட் எப்படியும் காற்று வராத ஷெட், அங்கே முட்டை குறையத்தான் செய்யும் என்று எடுத்துச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தவன் நான். இதுவும் அறிக்கையில் இல்லை.

குழுவின் தலைவி ஹெலன் என்ற பேராசிரியை. நல்ல மனுசிதான். ஆனால் எதையும் நம்ப மாட்டார். ஆரம்பத்தில் கோழிகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கோழிக்கு ஸ்கேன்! எங்கள் ஊரில் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு ஸ்கேன் எடுக்கவே டவுனுக்கு பஸ் ஏற வேண்டியிருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். எடுத்ததில் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. நான் ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்த மாணவனிடம், "திஸ் ஹென், ஸ்டமக், வாட்டர்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்தான். அப்புறம் அந்தக் கோழிக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தான். வயிறு முழுக்க நீர் கோத்து மூச்சு விட முடியாமல் நின்ற ஜீவனுக்குத் தண்ணீர்! அது ரெண்டு நாளில் செத்தது. அறுத்துக் காட்டியதும் அவனுடைய முகம் வெளுத்துப் போனது.

அப்புறம்தான் அமலா வந்தாள். சேலத்துப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அந்தக் குழுவில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நான் தமிழில் சொல்ல, அவள் இங்கிலீஷில் எழுத, ஹெலன் நம்பாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நடை, கொண்டை வெளுக்கிற விதம், உள்ளங்கையில் அசைகிற கனம், இந்த மூன்றையும் சொன்னேன். நான் ஒதுக்கி வைத்த கோழிகளைத் தனியாக ஸ்கேன் பண்ணினார்கள். கட்டி இருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிலவற்றில் முட்டை சிக்கியிருந்தது, சிலவற்றில் வெறும் கொழுப்பு. கட்டி சின்னதாக, நீர் கோக்காமல் இருந்தவற்றை என் கை பிடிக்கவில்லை, ஸ்கேன்தான் பிடித்தது. ஹெலன் இதையெல்லாம் ஒன்று விடாமல் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் குருட்டாம்போக்கில் எடுத்ததற்கும் என் கை எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா என்று திருப்பிக் கேட்டேன். உண்டு என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மதிக்கிறேன்.

நோய் ஏன் வருகிறது என்று அமலா எனக்கு விளக்கினாள். ஒவ்வொரு முட்டையும் வெளியே வரும்போது சினைப்பையின் மேல்தோல் கிழிந்து ஆறுகிறதாம். கிழிந்து ஆறி, கிழிந்து ஆறி, என்றைக்கோ ஒரு நாள் ஆறுகிற வேலை தப்பிப்போய், நிறுத்தத் தெரியாமல் வளர்கிறதாம். முழுக்க இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லையாம். எனக்கு உடனே புரிந்தது. லாரி டியூபில் ஒரே இடத்தில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டால் அந்த இடம்தான் ஒரு நாள் பிதுங்கும். இதை நான் சொன்னதும் அமலா சிரித்தபடி எழுதிக்கொண்டாள். அறிக்கையில் பஞ்சர் ஒட்டிய டியூப் படம் ஒன்று இருக்கிறது. யார் சொன்னது என்று இல்லை. நான் சொன்ன மூன்று அடையாளங்களும் இருக்கின்றன, 'பண்ணை அளவிலான முதற்கட்டக் கவனிப்பு' என்ற தலைப்பில். பண்ணை எப்படிக் கவனிக்கும்? பண்ணைக்குக் கையா இருக்கிறது?

5

இனி மூலிகை. இதில் எனக்கு ஊரோடும் சண்டை.

கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஹெலனிடம் சொன்னதும் நான்தான். எங்கள் பண்ணையில் ஈரல் வீங்கின கோழிக்கு அரைத்துக் கொடுப்போம், சில கோழி எழுந்து நிற்கும். ஈரலுக்கு நல்லது கட்டிக்கும் நல்லதாக இருக்கும் என்பது என் எண்ணம். ஊரிலிருந்து விதை கொண்டுவரப் பார்த்தேன். விமான நிலையத்தில் அதற்கென்று ஒரு நாய் வைத்திருக்கிறார்கள், அது நேராக என் பையின் மேல் உட்கார்ந்துகொண்டது. விதையைப் பிடுங்கி, என்னை ஒரு அறையில் உட்கார வைத்து, இந்தச் செடிக்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று கேட்டார்கள். எனக்கு என் பேரையே இங்கிலீஷில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. கடைசியில் பல்கலைக்கழகம் அனுமதி வாங்கி, பொடியாகத் தருவித்தது. கிழட்டு ஷெட்டில் ஒரு பாதிக் கோழிக்குத் தீவனத்தில் கலந்தோம், மறுபாதிக்கு வெறும் தீவனம். எந்தப் பாதிக்குப் போகிறது என்று எனக்கே சொல்லவில்லை. நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயம்.

ஒன்றும் இல்லை. ரெண்டு பாதியிலும் கட்டி ஒரே மாதிரிதான் வந்தது. நான் சும்மா விடவில்லை. காய்ந்த பொடி வேறு, பச்சையாக அரைத்தது வேறு என்று வாதாடினேன். இருக்கலாம், அப்படியானால் அதைத் தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், இப்போது நம்மிடம் இருப்பது இதுதான் என்றார் ஹெலன். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ரெண்டு பக்கத்துக் கோழியையும் அறுத்தது என் கை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

இதை அக்கா மகன் தங்கராசுவிடம் போனில் சொல்லித் தொலைத்தேன். அவன் தம்மம்பட்டியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவன் காதில் கீழாநெல்லி, ஆஸ்திரேலியா, கட்டி, ஆராய்ச்சி என்று நாலு வார்த்தை மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் சுற்றியது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். ஷெட்டுக்குள் எல்லோரும் மாட்ட வேண்டிய கோட்டு அது. கீழே பெரிய எழுத்தில்: 'ஆஸ்திரேலிய விஞ்ஞானி செல்லப்பன் கண்டுபிடித்தது! பெண்களின் வயிற்றுக் கட்டியைக் கரைக்கும் கீழாநெல்லிப் பொடி!'

பாருங்கள் கொடுமையை. என் பேர் பிழையில்லாமல், அப்பன் பேர் ஒட்டாமல், அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். உண்மை இருக்கிற புத்தகத்தில் நான் இல்லை. நான் இருக்கிற இடத்தில் இருப்பது பொய்.

போன் போட்டேன். "மாமா, உங்களுக்குப் பெருமைதானுங்க. ஊரே பேசுது. ஒரு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்திட்டு நம்ம பொடியத்தான் தின்னுட்டு இருக்குதுங்க" என்றான் சந்தோசமாக.

போனிலேயே கத்தினேன். "இப்பவே அந்தப் புள்ளை ஊட்டுக்குப் போ. பொடியப் புடுங்கிட்டு, நீயே கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில உடு. உட்டுட்டு எனக்குப் போன் பண்ணு. பண்ணலைன்னா, இந்தப் பொடி பொய்யின்னு அதே கோட்டைப் போட்டுட்டு நானே வீடியோ போடுவேன்."

போனான். கூட்டிப் போய்ச் சேர்த்தான். அந்தப் பெண் இப்போது வைத்தியத்தில் இருக்கிறது. படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தப் பொடியை வயிற்றுக் கட்டிக்கென்று வாங்காதீர்கள். சொல்கிறவன் அந்தப் படத்தில் நிற்கிற செல்லப்பனேதான்.

6

அறிக்கை கைக்கு வந்த வாரம் அமலாவுக்குப் போன் பண்ணினேன். நன்றிப் பக்கத்தை எழுதியது அவள்தான் என்று ஹெலன் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர் எழுதியிருந்தால் தெரியாது என்று விட்டிருப்பேன்.

"தப்பா ஒண்ணும் இல்லையே அங்கிள்," என்றாள். "உங்க பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"ஏன் சாமி, நீ சேலத்துப் பொண்ணுதானே? உங்க தெரு ரேஷன் கடையில சி. நாச்சிமுத்துன்னு கூப்புட்டா யாரு எந்திரிப்பா?"

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "நாச்சிமுத்துதான் அங்கிள் எந்திரிப்பாரு."

"எந்திரிச்சு வந்துட்டாருன்னுதான் சொல்றேன்."

அவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவள் அப்பா பேர் ஜோசப். அமலா ஜோசப் என்று கொண்டுவந்து வைத்ததும் இந்த ஊரில் அப்படியே பொருந்திக்கொண்டது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் யோசிக்காமல் போட்டுவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். அறிக்கை அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது, அதை ஒன்றும் செய்ய முடியாது என்றாள். ஆனால் இதே வேலையைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வெளிவரப் போகிறது, உலகம் முழுக்க டாக்டர்கள் படிப்பது, அதில் சரியாகப் போடலாம், எப்படிப் போட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள் என்றாள். ஒரே ஒரு சிக்கல், ஒற்றைப் பேரை அவர்கள் கம்ப்யூட்டர் ஏற்காது. ரெண்டு கட்டமும் நிரம்ப வேண்டும்.

"அப்பா பேரு வேண்டாம்னா, அந்த ரெண்டாவது கட்டத்துல என்ன போடறது அங்கிள்? அவரு மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?"

அப்புறம் பேசுகிறேன் சாமி என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். படித்துக்கொள்ளட்டும்.

எங்கம்மா பேர் பழனியம்மா. கரும்பு வெட்டப் போனவள், வெட்டாத நாளில் சோளக்காட்டுக்குப் போனவள். நான் பண்ணையில் கூலிக்காரனாக இருந்த காலத்தில் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. கையும் காலும் ஈர்க்குச்சியாகிக்கொண்டே வர, வயிறு மட்டும் வளர்ந்தது. மாதவிலக்கு நின்று பல வருசம் ஆனவள். தண்ணிக் குழாயடியில் பொம்பளைகள் குசுகுசுத்தார்கள். அது வாய் சும்மா இருக்காதவர்கள் பேச்சு, விட்டுவிடலாம். ஆனால் எங்கப்பன் சாராயக் கடை வாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "யாருதுடி அது?" என்று கேட்டார். அவள் கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தாள். நின்றாள். கட்டை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், அக்கா கூப்பிட்டாள், தூக்கிக்கொண்டு போகிறேன் என்றுகூட வண்டி கொண்டுவந்தேன். வர மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கயும் அதையேதான் சாமி கேப்பாங்க" என்றாள். சேலையை ரெண்டு சுற்று அதிகமாகச் சுற்றி வயிற்றை மறைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அப்படியே போய்விட்டாள்.

பல வருசம் கழித்து அந்தக் கிழட்டுக் கோழியை அறுத்து, டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுதான் எங்கப்பன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது. அது யாருடையதும் இல்லை. நோய். அவளைக் கொன்றதில் நோய்க்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி அந்தக் கேள்விக்கு. வயிறு உப்பினால் உடனே வா என்று பெண்களுக்குச் சொல்லத்தான் இந்த ஆராய்ச்சியே. அந்தப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்திருப்பது யார் பேர்? யாருதுடி அது என்று கேட்டவர் பேர்.

7

அதனால் அமலாவுக்கும், ஹெலனுக்கும், காகிதத்தில் எனக்குத் தம்பி ஆகிவிட்ட என் மகன் குமரேசனுக்கும், ஊர்க்காரர்களான உங்களைச் சாட்சி வைத்துக்கொண்டு சொல்கிறேன். இது வேண்டுகோள் இல்லை.

வரப்போகிற கட்டுரையில் நாச்சிமுத்து என்ற பேர் எந்த மூலையிலும் இருக்கக்கூடாது. முழுசாகவும் கூடாது, எழுத்தாகவும் கூடாது. கோழியின் அடிவயிற்றைக் கையால் பார்த்து ஒதுக்கியவன் பேர் போட வேண்டும். 'பண்ணை' என்று போடக்கூடாது, 'உதவிய' என்றும் போடக்கூடாது. கண்டுபிடித்துச் சொன்ன என்று போடுங்கள். என் கை தப்பின கோழிகளையும் போடுங்கள், எனக்கு வெட்கமில்லை. கீழாநெல்லியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னவன் பேரும் போட வேண்டும். அது வேலை செய்யவில்லையே என்று ஹெலன் கேட்பார். வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் என்னால்தானே? அது தெரிந்ததால் தம்மம்பட்டியில் ஒரு பெண் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எங்கம்மா போகாத ஆஸ்பத்திரியில்.

இனி அமலா கேட்ட ரெண்டாவது கட்டம். அது காலியாக இருக்கக்கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லி, என் வாழ்நாள் பூராவும் அதில் ஒரே ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தீர்கள். இந்த முறை நான் நிரப்புகிறேன். முதல் கட்டத்தில் செல்லப்பன். ரெண்டாவது கட்டத்தில் பழனியம்மா.

இனிஷியல் போட்டுச் சுருக்க வேண்டாம் சாமி. ரெண்டு பேரையும் முழுசாகப் போடு.